பழைய ஜீப்பின் 10எஸ்ஐ ஆல்டர்னேட்டருக்கு மாற்று: 12எஸ்ஐ, சிஎஸ்130, சிஎஸ்130டி, சிஎஸ்144 மதிப்பீடு

ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி. முடிவை முதலில் சொல்லிவிடலாம். ஒற்றை வி-பெல்ட் ஓடும் பழைய ஆஃப்ரோடு வண்டிக்கு 78 ஆம்பியர் 12எஸ்ஐ போதும். பெல்ட், புல்லி, பிராக்கெட் மூன்றையும் மாற்றத் தயார் என்றால் 140 ஆம்பியர் சிஎஸ்144 போடலாம். கூடுதல் ஆம்பியர் வேண்டும், ஆனால் பெரிய உடம்புக்கு இடமில்லை என்றால் சிஎஸ்130டி. ‘டி’ எழுத்து இல்லாத பழைய சிஎஸ்130ஐ இன்று தேடிப்பிடித்துப் போட ஒரு காரணமும் இல்லை.

இந்த நான்கும் ஒரே குடும்பம். டெல்கோ ரெமி நிறுவனத்தின் தயாரிப்புகள். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை உள்ளேயே அடக்கிய 10எஸ்ஐ 1970-களின் தொடக்கத்தில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளோடு நிற்காமல் ஜீப் சிஜே வரிசை, டிராக்டர், படகு இன்ஜின் என்று எங்கும் பரவியது. அதில் அதிகம் காணக்கிடைப்பது 63 ஆம்பியர் வகை. 12எஸ்ஐ அதன் தம்பி; காற்றோட்டத்தைக் கூட்டி 78, 94 ஆம்பியர் வரை கொண்டுபோனார்கள். 1980-களின் நடுவில் சிஎஸ் வரிசை வந்தது. சிஎஸ் பெயருக்குப் பின்னால் உள்ள எண் ஸ்டேட்டரின் (சுழலாமல் நிற்கும் கம்பிச் சுருள் வளையத்தின்) வெளிவிட்டம்: 130 மி.மீ., 144 மி.மீ. இந்த 14 மி.மீ. வித்தியாசம்தான் கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்குக் காரணம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட ஆம்பியரைப் பார்த்து வாங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. அந்த எண் ஆல்டர்னேட்டர் தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது கிடைப்பது. நெடுஞ்சாலையில் அது சரி. பாறை மேல் லோ ரேஞ்சில் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் நிலையில்) ஊர்ந்து ஏறும் வண்டியின் இன்ஜின் ஐடிலிங்கிலிருந்து (ஆக்சிலரேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்திலிருந்து) 1,200 சுற்றுக்குள்தான் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 8854 தரநிலை இதற்காகவே இரண்டு எண்களைக் கேட்கிறது: 1,500 சுற்றில் எவ்வளவு, 6,000 சுற்றில் எவ்வளவு. தகட்டில் ‘14 வோல்ட், 50/120 ஆம்பியர்’ என்று இருந்தால் முதல் எண் மெதுவாக ஓடும்போது கிடைப்பது, இரண்டாவது வேகத்தில் கிடைப்பது. நமக்கு வேண்டியது முதல் எண். அந்த எண்ணைத் தராத விற்பனையாளரிடம் சோதனைத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

ஐடிலிங்கில் தண்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராங்க் புல்லி 165 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 66 மி.மீ. என்று வையுங்கள். விகிதம் 2.5. இன்ஜின் 650 சுற்றில் ஐடிலிங் ஆனால் தண்டு 1,625 சுற்று ஓடும். அந்த வேகத்தில் 63 ஆம்பியர் 10எஸ்ஐ தன் பெயரில் உள்ளதில் பாதியைக்கூட எட்டாது. மழை இரவில் ஒரு வண்டி கேட்பதைக் கூட்டுங்கள்: இக்னிஷனுக்கு 5, ஹேலஜன் ஹை பீமுக்கு 11, வைப்பருக்கு 5, புளோயருக்கு 10, ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியிருந்தால் பம்புக்கு 7, ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டிருந்தால் 25, பின்னால் குளிர்பெட்டி இருந்தால் 4. மொத்தம் 67 ஆம்பியர். மீதியை பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். வோல்ட்மீட்டர் முள் 12-க்குக் கீழே இறங்கி, ஹெட்லைட் மங்கலாவதற்குக் காரணம் இந்தப் பற்றாக்குறை.

இங்கே இன்னொரு உண்மையும் உண்டு. ஒரே அளவு உடம்புக்குள் ஆம்பியரைக் கூட்ட வேண்டும் என்றால் ஸ்டேட்டரில் தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றுவார்கள். உச்ச ஆம்பியர் ஏறும். ஆனால் சார்ஜ் தொடங்கும் வேகமும் மேலே போய்விடும், ஐடிலிங்கில் கிடைப்பது குறையும். 10எஸ்ஐ உடம்புக்குள் ‘150 ஆம்பியர்’ என்று விற்கப்படும் மறுசுற்று ஆல்டர்னேட்டர்களில் பலவும் இப்படித்தான். ஊர்ந்து போகும் வண்டியில் அது பழைய 63 ஆம்பியரைவிட மோசமாகக்கூட இருக்கலாம். 12எஸ்ஐயில் 94-ஐ விட்டுவிட்டு 78-ஐப் பரிந்துரைப்பதன் காரணமும் இதுவே. நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் 94 வாங்குங்கள். காட்டுப்பாதைதான் முக்கியம் என்றால் 78.

12எஸ்ஐயின் பெரிய பலம் அது அப்படியே பொருந்துவது. உடம்பு அமைப்பும் பிளக்கும் 10எஸ்ஐயினுடையதே. பிராக்கெட்டில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். பழைய புல்லியைக் கழற்றி இதில் மாட்டலாம். தண்டின் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகினால் போதும்; ஃபேனைக் கம்பியால் தடுத்துப் பிடித்தால் தகடு வளைந்துவிடும். பிளக் தவறான பக்கம் நோக்கியிருந்தால் உடம்பின் நான்கு நீள போல்ட்டுகளைக் கழற்றிப் பின்பாதியை 90 பாகை வீதம் திருப்பலாம். அப்போது இரண்டு பாதிகளையும் முழுதாகப் பிரிக்காதீர்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கார்பன் பிரஷ் இரண்டும் வெளியே துள்ளிவிடும். துள்ளிவிட்டால் பிரஷ்களை உள்ளே அழுத்தி, பின்பக்கச் சிறு துளை வழியாக மெல்லிய கம்பியைச் செருகி நிறுத்திவைத்து, மூடிய பிறகு கம்பியை உருவ வேண்டும்.

பழுது பார்க்க எளிதானதும் எஸ்ஐ வரிசைதான். பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பாலம் (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கும் பகுதி), டயோடு ட்ரையோ (ஃபீல்டுக்கு மின்சாரம் தரும் மூன்று டயோடுகளின் தொகுதி), பேரிங் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், தனித்தனியாகக் கழலும். பின்பக்கம் ‘டி’ வடிவச் சோதனைத் துளை ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது அதற்குள் சிறு ஸ்க்ரூடிரைவரை ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் விட்டு, உள்ளே உள்ள நாக்கை உடம்போடு ஒரு கணம் தொடவைத்தால் ரெகுலேட்டர் விலக்கப்பட்டு முழு ஃபீல்டு, அதாவது சுழலும் காந்தமான ரோட்டாருக்கு முழு மின்சாரம், கிடைக்கும். ஆம்பியர் ஏறினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. ஏறாவிட்டால் பிரஷ், ரோட்டார், டயோடு பக்கம் பாருங்கள். ஊருக்கு வெளியே நின்றுபோன வண்டிக்கு இந்த ஒரு துளை பெரிய உதவி. சிஎஸ் வரிசையில் இது இல்லை.

இனி சிஎஸ்130. காகிதத்தில் அழகான ஆல்டர்னேட்டர்: 10எஸ்ஐயைவிடச் சிறியது, எடை குறைவு, ஆனால் 100, 105 ஆம்பியர். ஐடிலிங்கில் 10எஸ்ஐயைவிடத் தெளிவாக அதிகம் தருகிறது. கெடுவது சூட்டில். சிறிய உடம்புக்குள் அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து எடுக்கும்போது டயோடு பாலமும் பின்பேரிங்கும் வேகின்றன. நெடுஞ்சாலையில் காற்று வீச்சில் ஓரளவு தப்பிக்கும். பானெட்டுக்குள் காற்று நகராமல், ஐடிலிங்கில், எல்லா லைட்டும் ஃபேனும் எரியும் ஆஃப்ரோடு ஓட்டம் இதன் பலவீனத்தைக் குறிபார்த்துத் தாக்கும். கெட்டால் திறந்து சரிசெய்வதும் கடினம். ஸ்டேட்டர் முனைகள் டயோடு பாலத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றி மாற்ற வேண்டும் என்று நினைத்து இதை வடிவமைக்கவில்லை.

சிஎஸ்130டி இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது. 1990-களின் நடுவில் வந்த இதில் வெளியே ஃபேன் இல்லை. ரோட்டாரின் இரு முனையிலும் உள்ளேயே ஃபேன். சூடு நன்றாக வெளியேறுகிறது. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிளக் பழைய சிஎஸ்130-இன் பிளக் அல்ல, அதற்கான இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும். மற்றது சேறு. சுற்றிலும் ஜன்னல் வைத்த உடம்பு என்பதால் சேற்றுநீர் நேராகச் சுருள்களுக்குள் போகும். ஆல்டர்னேட்டர் இன்ஜினின் கீழ்ப்பக்கம் தொங்கும் வண்டிக்கு இது ஏற்றதல்ல. எதைப் போட்டாலும், சேற்றில் ஓட்டி வந்த அன்றே அழுத்தமில்லாத நல்ல தண்ணீரால் கழுவி, இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு உலர்த்த வேண்டும். காய்ந்த சேறு ஸ்லிப் ரிங்கையும் (பிரஷ் உரசும் வளையம்) பிரஷ்ஷையும் அரைத்துத் தின்னும். பிரஷர் வாஷரை நேரே பிடித்தால் பேரிங்குக்குள் மணலை நாமே ஏற்றியவர்கள் ஆவோம்.

சிஎஸ்144 வேறு தரம். பெரிய ஸ்டேட்டர், பெரிய ரோட்டார், வெப்பத்தைப் பரப்ப அதிக உலோகம். வேகத்தைக் கூட்டாமலே அதிகம் தருவதால் ஐடிலிங்கில் இந்த நால்வரில் முதலிடம் இதற்கே. சிக்கல் முழுக்கப் பொருத்துவதில். உடம்பு பெரிது என்பதால் பழைய பிராக்கெட்டில் இடிக்கும். சில வண்டிகளில் பிராக்கெட்டை அரைத்தால் போதும், சிலவற்றில் புதிதாகச் செய்தாக வேண்டும். காதுகளின் (போல்ட் மாட்டும் நீட்சிகளின்) இடமும் தடிமனும் எந்த வண்டிக்காகச் செய்தது என்பதைப் பொறுத்து மாறுவதால், வாங்கும் முன் பழையதைக் கழற்றி மேசையில் வைத்து மூன்று அளவுகளை எடுங்கள்: கீழ்க்காதின் அகலம், கீழ்த்துளை மையத்திலிருந்து மேல்துளை மையம் வரை தூரம், கீழ்க்காதின் முன்முகத்திலிருந்து புல்லிப் பள்ளத்தின் நடு வரை தூரம். மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பெல்ட்டைக் கிழிப்பதும் அதுதான். எஸ்ஐயின் மேல்காதில் பெரும்பாலும் அங்குல மரை, சிஎஸ்ஸில் மெட்ரிக் மரை. பழைய போல்ட்டை வலிந்து திருகினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

பெல்ட்டைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டரின் செயல்திறனை 55 சதவீதம் என்று வைத்தால், 78 ஆம்பியருக்கு 14 வோல்ட்டில் 1,092 வாட் வெளியே வர, தண்டில் ஏறக்குறைய 2,000 வாட், அதாவது 2.7 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். 140 ஆம்பியருக்கு அது 3,560 வாட், 4.8 குதிரைத்திறன். அந்த ஒரே வி-பெல்ட் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. புல்லியை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் சுற்றிப் பிடிக்கும் ஒற்றை பெல்ட்டால் 4.8 குதிரைத்திறனைக் கடத்த முடியாது. வழுக்கும், கீச்சிடும், பளபளப்பாகும், நீரோடை கடந்தவுடன் முற்றிலும் பிடிப்பை இழக்கும். இறுக்கினால் சரியாகும் என்று நினைத்து இழுத்துக் கட்டினால் தண்ணீர் பம்பின் பேரிங் போகும். ஒற்றை வி-பெல்ட்டில் நம்பி எடுக்கக்கூடியது 80, மிஞ்சிப்போனால் 100 ஆம்பியர். சிஎஸ்144 போடுகிறவர்கள் இரட்டை வி-பெல்ட் புல்லியோ ஆறு வரிப் பட்டை பெல்ட்டோ சேர்த்தே திட்டமிட வேண்டும். அதைச் செய்யாமல் 140 ஆம்பியர் வாங்குவது வீண் செலவு.

சிறிய புல்லி போட்டு ஐடிலிங் வேகத்தைக் கூட்டும் வழி ஒன்று உண்டு. மேலே சொன்ன 66 மி.மீ. புல்லியை 57 ஆக்கினால் விகிதம் 2.9 ஆகும்; ஐடிலிங்கில் தண்டு 1,625-இலிருந்து 1,880-க்குப் போகும். அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் தரும் ஆம்பியரின் வரைகோடு செங்குத்தாக ஏறுவதால் பலன் கண்கூடாகத் தெரியும். விலை என்னவென்றால் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைகிறது, இன்ஜின் 4,000 சுற்றைத் தொடும்போது தண்டு 11,600-ஐ நெருங்குகிறது. 10எஸ்ஐ, 12எஸ்ஐ இரண்டையும் 12,000-க்கு மேல் தொடர்ந்து ஓட்டாமலிருப்பது நல்லது. மெதுவாகச் சுற்றும் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் இந்த மாற்றம் தகும். 5,500 வரை போகும் சிறிய நான்கு சிலிண்டருக்கு வேண்டாம்.

ஒயரிங்குக்கு வருவோம். ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டுப் பழைய சார்ஜிங் ஒயரை அப்படியே விட்டால் தீப்பிடிக்க வழிசெய்கிறோம். பழைய ஒயர் பெரும்பாலும் 5 சதுர மி.மீ. தாமிரம். இரண்டு மீட்டர் நீளத்துக்கு அதன் மின்தடை 0.007 ஓம். 100 ஆம்பியர் போனால் 0.7 வோல்ட் ஒயரிலேயே விழும், 70 வாட் வெப்பம் ஒயர்க் கட்டுக்குள் பிறக்கும். அதே நீளத்துக்கு 25 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.14 வோல்ட்தான். 12எஸ்ஐக்கும் சிஎஸ்130டிக்கும் 25 சதுர மி.மீ., சிஎஸ்144-க்கு 35. பேட்டரிப் பக்க முனையில், பாசிட்டிவ் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போல்ட் வகை மெகா ஃபியூஸ்: 12எஸ்ஐக்கு 125, சிஎஸ்130டிக்கு 150, சிஎஸ்144-க்கு 200 ஆம்பியர். ஃபியூஸ் ஆல்டர்னேட்டர் பக்கம் இருந்தால் பயனில்லை. ஒயர் உரசி பாடியைத் தொட்டால் வெடித்துப் பாய்வது பேட்டரியின் மின்சாரம். அதைத் தடுக்கவே ஃபியூஸ். முனைகளை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஈயம் மட்டும் வைத்துப் பற்றவைத்த முனை அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடியும்.

எர்த் பக்கத்தையும் இதே அளவுக்குப் பார்க்க வேண்டும். இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு அதே தடிமனில் ஒயர், இன்ஜினிலிருந்து பாடிக்கு இன்னொன்று. பவுடர் கோட்டிங் அடித்த அழகான புது பிராக்கெட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட் அமரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள். அல்லது ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பிளாக்குக்குத் தனி ஒயர் போடுங்கள்.

டேஷ்போர்டில் அம்மீட்டர் (ஆம்பியர் காட்டும் மீட்டர்) உள்ள பழைய வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய வகை அம்மீட்டர் பலவற்றில் சார்ஜிங் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டுக்கு வந்துதான் பேட்டரிக்குத் திரும்பும். வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்) இழுத்து இறங்கிய பேட்டரிக்கு 100 ஆம்பியர் பாயும்போது அந்த இரண்டு சிறு போல்ட்டுகளும் ஃபயர்வால் இணைப்பும் உருகும். அம்மீட்டருக்கு வரும் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இணைத்து, வோல்ட்மீட்டர் போட்டுவிடுங்கள். தடித்த ஒயரைப் பக்கவாட்டில் சேர்த்துவிட்டு அம்மீட்டரை அப்படியே வைத்திருப்பதும் சிலருக்கு வழக்கம். அப்போது மின்சாரத்தில் பெரும்பகுதி புது ஒயரில் போவதால் முள் பொய் சொல்லும்.

பிளக்கில்தான் அதிகமான புது ரெகுலேட்டர்கள் சாகின்றன. 10எஸ்ஐ, 12எஸ்ஐ பிளக்கில் இரண்டு முனைகள். முனை 1 டேஷ்போர்டின் சார்ஜ் லைட்டிலிருந்து வரும். முனை 2 வோல்ட்டேஜை உணர்வது. சிஎஸ்ஸில் நான்கு எழுத்துகள் வரிசையாக இருக்கும்: பி (P), எல் (L), எஃப் (F), எஸ் (S). பழைய முனை 1 ஒயர் ‘எல்’ முனைக்கு, முனை 2 ஒயர் ‘எஸ்’ முனைக்கு. ‘பி’ டாக்கோமீட்டருக்கானது, ‘எஃப்’ கணினி உள்ள வண்டிகளுக்கானது. இரண்டையும் காலியாக விட்டுத் தண்ணீர் புகாமல் அடைக்கலாம்.

‘எல்’ முனைக்கு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. நடுவில் பல்பு இருக்க வேண்டும், அல்லது 68 முதல் 100 ஓம் வரை 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சார்ஜ் லைட் இல்லாமல் வோல்ட்மீட்டர் மட்டும் உள்ள வண்டிகளில் முன்னால் யாராவது அந்த ஒயரைச் சாவியோடு நேரே இணைத்திருக்கலாம். அதை அப்படியே சிஎஸ்ஸில் செருகி சாவியைப் போட்டால் ரெகுலேட்டர் அந்த நொடியே போய்விடும். கடையில் கிடைக்கும் மாற்று பிளக்குகளில் சிலவற்றுக்குள் ரெசிஸ்டர் உண்டு, சிலவற்றுக்குள் இல்லை. மீட்டரை ஓமில் வைத்து இரு முனையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்.இ.டி. லைட் மட்டும் போட்டிருந்தாலும் ரெசிஸ்டரை அதற்கு இணையாகச் சேர்க்க வேண்டும், எல்.இ.டி. வழியாக வரும் மெல்லிய மின்சாரம் ஃபீல்டை எழுப்பப் போதாது. எஸ்ஐயில் வேறு தொல்லை: முனை 1-ஐ இக்னிஷனோடு நேரே இணைத்தால் சாவியை எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து இன்ஜின் நிற்காமல் ஓடும். ஆல்டர்னேட்டரை நோக்கி மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டால் தீரும்.

உணரும் ஒயரை எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம். பலர் அதை ஆல்டர்னேட்டரின் சொந்த பெரிய போல்ட்டிலேயே சிறு துண்டு ஒயரால் கட்டிவிடுகிறார்கள். அப்போது ரெகுலேட்டர் பார்ப்பது தன் வாசலில் உள்ள 14.4 வோல்ட்டை, பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.9 ஆக இருக்கும். பேட்டரி பாசிட்டிவுக்கோ முக்கிய விநியோகப் புள்ளிக்கோ தனி ஒயராகக் கொண்டுபோங்கள். வழியில் விழும் வோல்ட்டேஜை ரெகுலேட்டரே ஈடுகட்டும்.

‘ஒன் ஒயர்’ என்று விற்கப்படும் வகையைக் காட்டுப்பாதை வண்டிக்கு வாங்காதீர்கள். பிளக் வேண்டாம், ஒரே ஒயர் போதும் என்பது கேட்க இனிமை. ஆனால் அது தானாக விழித்துக்கொள்ள, ஸ்டார்ட் செய்தபின் ஒருமுறை ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தாக வேண்டும். பாறையில் இன்ஜின் நின்று, மீண்டும் செல்ஃப் அடித்து, ஐடிலிங்கிலேயே ஊர்ந்து போகும் வண்டியில் அது சார்ஜே செய்யாமல் நெடுநேரம் கிடக்கும். எச்சரிக்கை லைட்டும் இல்லை என்பதால் தெரியவும் வராது. பேட்டரியில் வோல்ட்டேஜை உணரும் வசதியும் போய்விடும்.

பொருத்தும் வேலையில் புதிதாக ஒன்றும் இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டில் சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் உண்டு. புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள், 1.5 மி.மீ.-க்கு மேல் விலகினால் கீழ்க்காதில் வாஷர் சேர்த்துச் சரிசெய்யுங்கள். கீழ்க்காதுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே இடைவெளி விட்டு போல்ட்டை இறுக்கினால் அலுமினியக் காது வெடிக்கும். அந்த இடைவெளியை எஃகு ஸ்பேசரால் நிரப்ப வேண்டும். பெல்ட்டை இழுக்க நெம்புகோல் வைப்பது முன்பாதி உடம்பில் மட்டுமே. நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்கட்டும். புது பெல்ட் அரை மணி நேரம் ஓடியதும் தளரும், மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்தபின் மீட்டரால் பார்க்க வேண்டியவை சில. லோடு இல்லாமல் பேட்டரியில் 14.0 முதல் 14.7 வரை. பிறகு எல்லா லைட், புளோயர், ஃபேன் போட்டு, ஐடிலிங்கில் 13.2-க்குக் கீழே போகாமல் நிற்க வேண்டும். அதே லோடோடு இன்ஜினை 1,500 சுற்றில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ முனையிலோ குறை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்குள் இருக்கட்டும். கடைசியாக மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் பாருங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. மறுசீரமைத்து விற்கும் ஆல்டர்னேட்டரில் இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள், உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பித் தர வசதி. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றும் பழைய பழக்கத்தை அடியோடு விடுங்கள். அந்தக் கணத்தில் எழும் பல பத்து வோல்ட் டயோடையும் ரெகுலேட்டரையும், சில நேரம் இக்னிஷன் மாட்யூலையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

வின்ச்சுக்காக மட்டும் பெரிய ஆல்டர்னேட்டர் தேடுகிறவர்களுக்கு: முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியரைத் தொடும், அதை இந்த ஆல்டர்னேட்டர்கள் எதுவும் தராது, தருவது பேட்டரி. 300 ஆம்பியரில் ஒரு நிமிடம் இழுத்தால் 5 ஆம்பியர்-மணி போகிறது. வண்டியின் தேவை போக ஐடிலிங்கில் 30 ஆம்பியர் மிஞ்சினால் அதை நிரப்பக் குறைந்தது பத்து நிமிடம். மிஞ்சுவது 5 ஆம்பியர்தான் என்றால் ஒரு மணி நேரம். ஆல்டர்னேட்டர் மாற்றத்தின் பலன் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. பலவீனமான பேட்டரியை அது ஈடுகட்டாது. இரண்டாவது பேட்டரியாக லித்தியம் வைத்திருந்தால் நேரடியாக இணைக்காமல் நடுவில் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். லித்தியம் நிரம்பும் வரை கிடைப்பதை எல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஐடிலிங்கில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது முழு ஆம்பியரில் நெடுநேரம் ஓடுவதை சிஎஸ்144-உம் தாங்காது.